அண்ணி அடிக்காத சொல்

எங்கள் ஆபீசில் என்டர் பட்டனுக்காக ஒரு வாரம் சண்டை போட்டோம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் தொழிலில் இதற்கெல்லாம்தான் சண்டை வரும்.

நாங்கள் செய்வது நெட்வொர்க்கை ஆராயும் மென்பொருள். ஒரு நிறுவனத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை அது வரி வரியாகத் திரையில் காட்டும். கொஞ்ச நேரத்திலேயே லட்சக்கணக்கான வரிகள் ஓடிவிடும். அதில் வேண்டியதை மட்டும் பார்க்க மேலே ஒரு ஃபில்டர் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு சொல்லை அடித்து என்டரைத் தட்டினால் அந்தச் சொல்லுக்கு உரிய வரிகள் மட்டும் நிற்கும், மற்றவை மறைந்துவிடும். இப்படிப்பட்ட சொற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அத்தனையையும் மனப்பாடம் செய்தவர் யாரும் கிடையாது. அதனால் இரண்டு எழுத்து அடித்ததுமே "இதுவா, இதுவா" என்று கீழே ஒரு பட்டியல் விரிய வேண்டும். அந்தப் பட்டியலை வடிவமைத்து எழுதுவது என் வேலை.

பட்டியலின் முதல் வரி எப்போதும் நீல நிறத்தில் தயாராக நிற்கும். என்டரைத் தட்டினால் அந்த முதல் வரியை எடுத்துக்கொண்டு அப்படியே ஓட வேண்டும் என்பது என் கட்சி. தாடி எதிர்க்கட்சி. எங்கள் குழுவில் சோதனை பார்ப்பவன் அவன். ஒரு தடவை சுத்தமாக மழித்துக்கொண்டு வந்தபோதும் அவனைத் தாடி என்றுதான் கூப்பிட்டோம்.

"என்டர் அடிச்சா, அடிச்சது ஓடணும். நம்ம யோசனை வேணும்னா டேப் பட்டன அடிச்சு எடுத்துக்கட்டும். அப்புறம் என்டர் அடிக்கட்டும்" என்றான்.

"ஒரு தட்டுல முடியற வேலைக்கு ரெண்டு தட்டா? நீ என்ன அரசாங்க ஆபீஸ் நடத்துறியா?"

"அவங்க கேக்காதத நாம குடுக்கக் கூடாது."

"கேக்கத் தெரியாதவங்களுக்குத்தான்பா இந்தப் பட்டியலே!"

நான் ஒற்றைக் காலில் நின்றால் எங்கள் மேனேஜர் சீக்கிரம் களைத்துவிடுவார். என் கட்சி ஜெயித்தது. ஜெயித்த சூட்டில் இன்னொன்றும் செய்தேன். ஒருவர் முழுச் சொல்லையும் அடித்து முடித்துவிட்டால், அதே சொல்லைக் கீழே திரும்பக் காட்டுவது எனக்கு அசட்டுத்தனமாகத் தெரிந்தது. கடையில் சோப்பு கேட்டவரிடம் "சோப்பா?" என்று கேட்பது மாதிரி. அதனால் அடித்து முடித்த சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அதைவிட நீளமானவற்றை மட்டும் வைத்தேன். பட்டியல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. மீட்டிங் அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய அத்தனை பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேலை நேரத்தில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் சோதனைகள் எல்லாம் பாதிச் சொல்லில்தான் தொடங்கின. முழுச் சொல்லும் தெரிந்தவருக்குப் பட்டியல் எதற்கு என்று நினைத்துவிட்டோம்.

முழுச் சொல்லும் தெரிந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். ஊருக்குள் பல கிளைகள் வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் நெட்வொர்க் முழுவதும் அண்ணியின் பொறுப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கணவர் வாயால் நான் கேட்டுவரும் புராணம் அண்ணியுடையதுதான். அக்கா ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். அக்கா கணக்குப் போட்டா திரும்பப் பாக்க வேண்டியதில்ல. அக்கா கேஸ் சிலிண்டர் எப்ப தீரும்னுகூடச் சொல்லிடுவா. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. இதில் எரிச்சல் என்னவென்றால், அத்தனையும் உண்மை.

மென்பொருளை வெளியிடுவதற்கு முன்னால் வெளியாட்கள் சிலரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வோம். அண்ணியிடமும் கொடுத்தேன். உதவி கேட்கிற மாதிரிதான் கொடுத்தேன், உள்ளுக்குள் பெருமையடித்துக்கொள்ளும் ஆசை. கொஞ்ச நாள் கழித்து, "நல்லா இருக்கு. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கலாம்" என்றார். அண்ணி வாயிலிருந்து "நல்லா இருக்கு" வருவது லேசில் நடக்காது. அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

"அக்கா வேலைய விடப் போறாளாம்."

"ஏனாம்?"

"சொல்ல மாட்டேங்குறா. மத்தியானம் கடைக்கு வந்தா. கண்ண டெஸ்ட் பண்ணுடான்னா. பண்ணேன். பவர் துளிகூட மாறல. 'நல்லாப் பாருடா, நல்லாப் பாருடா'ன்னு திரும்பத் திரும்பக் கேட்டா. கண்ணு ஜம்முனு இருக்குக்கான்னேன். உடனே அழுதுட்டா." சோபாவில் உட்கார்ந்தார். "கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னா யாராவது அழுவாங்களா?"

மறைப்பானேன், அண்ணிக்கும் ஏதோ சறுக்கியிருக்கிறது என்று கேட்டதும் ஒரு கணம் எனக்கு இனித்தது. அழுதார் என்றதும் அந்த இனிப்பு போய்விட்டது. அத்தை, அதாவது என் மாமியார், இறந்த அன்றுகூட அண்ணி யார் முன்னாலும் அழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தனியாக அண்ணி வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அண்ணி தனியாகத்தான் இருக்கிறார். கதவைத் திறந்தவர், "வா" என்றார். கதவின் உட்பக்கத்தில் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. 'சாவி' என்று எழுதியிருந்தது. சமையலறையில் கேஸ் அடுப்புக்கு மேலே இன்னொன்று. 'மூடியாச்சா?' குளியலறைக் கதவில், 'குழாய்.' அண்ணியின் கையெழுத்துதான், அச்சடித்த மாதிரி.

டீ போட்டார். அடுப்பை அணைத்தார். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் போய் திருகைத் தொட்டுப் பார்த்தார்.

"என்ன அண்ணி இதெல்லாம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா வேலைய விடறீங்க? உங்க தம்பி சாப்பிடாம உக்காந்திருக்கார்."

அண்ணி டீயை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேசைத் துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"ஒரு கிளையில ரிசல்ட் வரலன்னு கம்ப்ளெயின்ட். அங்க இருக்குற மிஷின் தலைமை ஆபீஸ் சர்வரத் தேடணும்னா மொதல்ல பேரச் சொல்லி விலாசம் கேக்கணும். அது கேக்குதா இல்லையான்னு பாக்கணும். அதுக்கு ஃபில்டர் என்ன? டிஎன்எஸ். மூணே எழுத்து. பழைய மென்பொருள்லயும் இதே வார்த்தைதான், எத்தனை வருஷமா அடிக்கிறேன், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் அடிப்பேன். அடிச்சேன். ஒரு வரிகூட வரல. கேக்கவே இல்லன்னா கிளை மிஷின்தான் செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன். திரையப் படம் புடிச்சு அதுலயே ஒட்டினேன். கிளைய நாள் முழுக்கப் பூட்டி மிஷின மாத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. கோளாறு தலைமை ஆபீஸ்ல. அந்தக் கிளை பாவம், கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. பதில் சொல்ல வேண்டியதுதான் சொல்லல."

"தப்பு யாருக்குத்தான் வராது அண்ணி?"

"வரட்டுமே. அதுக்கா நான் அழறேன்?" குரல் ஏறியது. "மீட்டிங்ல, எங்களுக்கு இன்டர்நெட் குடுக்குற லைன் கம்பெனிக்காரன் என் படத்தையே பெருசாக்கிக் காட்டுறான். 'மேடம், நீங்க போட்டிருக்கறது டிஎன்எஸ் இல்ல. டிஎன்எஸ்சர்வர்'ங்கறான். பாக்குறேன். ஆமா, அப்படித்தான் இருக்கு. அப்படி ஒரு ஃபில்டர் இருக்குன்னே எனக்குத் தெரியாது. தெரியாத வார்த்தைய என் கை அடிச்சிருக்கு. அடிச்சது எனக்கு ஞாபகமே இல்ல."

டீக் கோப்பையை எடுக்கப் போன என் கை பாதியில் நின்றது.

"வீட்டுக்கு வந்து நானே அடிச்சுப் பாத்தேன்" என்றார் அண்ணி. "கையவே பாத்துக்கிட்டு அடிச்சேன். கை சரியாத்தான் அடிக்குது. மூணு எழுத்து, என்டர். நிமிந்து பாத்தா அந்த வார்த்தை நிக்குது. மறுபடி அடிச்சா சரியா வருது. மறுபடி தப்பா வருது. அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? ஒரு நேரம் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரு நேரம் என்னையே யாருன்னு கேப்பா. நான் ரத்த ரிசல்ட் போற லைனப் பாக்குறவ. என் மூளைய நம்பி இனிமே உக்கார முடியாது."

டிஎன்எஸ்சர்வர். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எந்தப் புண்ணியவானும் தேடாத ஒரு ஃபில்டர் அது. டிஎன்எஸ் என்று அடித்தால் என் பட்டியலின் முதல் வரியில் அதுதான் நீலமாக நிற்கும், ஏனென்றால் அங்கே நின்றிருக்க வேண்டிய டிஎன்எஸ்ஸை நான் எடுத்துவிட்டிருந்தேன். ஒரு தடவை சரியாக, ஒரு தடவை தப்பாக வருவதும் என் கைவேலைதான். எழுத்தை அடித்து நிறுத்திய பிறகு, கண்மூடித் திறக்கும் நேரம் கழித்துத்தான் பட்டியல் விரியும். அதற்குள் என்டரைத் தட்டினால் அடித்தது ஓடும். காதில் போனை இடுக்கிக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாகத் தட்டினால் நான் நினைத்தது ஓடும். ஓடிய கையோடு பட்டியலும் மறைந்துவிடும். நடந்ததற்குத் தடயமே இருக்காது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். அடுத்த வெளியீட்டில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அண்ணிக்கு மறுபடி தப்பு வராது, தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். எனக்கும் ஒரு தலைவலி மிச்சம். இப்படி நினைத்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தேன். அவர் திரும்பி, அடுப்பின் திருகை இங்கிருந்தே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"லேப்டாப் எங்க அண்ணி?"

"எதுக்கு?"

"எடுத்துட்டு வாங்களேன்."

மேசையில் வைத்துத் திறந்தோம். "நீங்களே அடிங்க. கையப் பாக்காதீங்க. கீழ வர்ற வரிகளையும் பாக்காதீங்க. பெட்டிய மட்டும் பாருங்க" என்றேன்.

அண்ணி அடித்தார். வழக்கமான வேகம். டிஎன்எஸ், என்டர். சரியாக வந்தது.

"இப்ப அடிச்சுட்டு ஒரு மூச்சு விட்டுட்டு என்டர் தட்டுங்க."

அடித்தார். மூச்சு விட்டார். பட்டியல் விரிந்தது. தட்டினார். பெட்டிக்குள் இருந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் 'சர்வர்' வந்து ஒட்டிக்கொண்டது. சொல் சரிதான் என்பது போலப் பெட்டி பச்சையானது. கீழே வரிகள் எல்லாம் காணாமல் போயின.

சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி அண்ணி கையை இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி அடித்தார். மறுபடியும். கடைசியில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, "நீ அடி" என்றார். நான் அடித்தேன். அதேதான் நடந்தது.

"இது நான் பண்ணலையே."

"நீங்க பண்ணல."

"அப்ப யாரு பண்றது?"

"நான்தான் அண்ணி."

எல்லாவற்றையும் சொன்னேன். என்டருக்காகச் சண்டை போட்டது, சோப்பு கேட்டவரிடம் 'சோப்பா?' என்பது மாதிரி இருக்கிறது, பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லை எடுத்தது, மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டியது. சொல்லச் சொல்ல அண்ணியின் முகம் சிவந்தது.

"இந்தப் பட்டியல் பாட்டுக்கு வரும், போகும்னு நான் அத ஒரு பொருட்டாவே நெனைக்கலடி. ஈ பறக்குற மாதிரி விட்டுட்டேன். அது உள்ள பூந்து என் வார்த்தைய மாத்துமா?" எழுந்து நின்றுவிட்டார். "பாதி வழி போயிட்டுக் கதவப் பூட்டினேனான்னு திரும்பி வர்றேன். படியேறி வந்து பாத்தா பூட்டியிருக்கு. பாத்ரூம்ல நின்னு உங்க எல்லாரோட பேரையும் வரிசையா சொல்லிப் பாத்துக்கறேன், ஒண்ணாவது மறந்துபோச்சான்னு. உன் பேரையும்தான். நீ என்னடான்னா சுத்தமா இருக்கணும்னு எடுத்துட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி சமாதானப்படுத்தவில்லை. அது அவர் வழக்கமும் இல்லை. சமையலறைக்குப் போனார். காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மஞ்சள் காகிதங்களைக் கசக்கிப் பிடித்திருந்தார். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"மூக்கத் தொடச்சுக்கோ. கேளு. என்டர்னா நான் அடிச்சது ஓடணும். நீ நெனச்சது ஓடக் கூடாது. உன் யோசனை எனக்கு வேணும்னா நானே எறங்கி வந்து எடுத்துக்குறேன். நானா எடுக்கற வரைக்கும் எந்த வரியும் நீலமா நின்னுக்கிட்டு இருக்க வேண்டாம். அப்புறம், நான் முழுசா அடிச்ச வார்த்தை பட்டியல்ல மொதல்ல இருக்கணும். சோப்பு கேட்டா 'சோப்பா'ன்னு கேக்கட்டும். எனக்கொண்ணும் கோவம் வராது."

கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை தாடி சொன்னதுதான். ஆபீசுக்குப் போய் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். அதுவும் சேர்த்துத்தான் அனுபவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"திங்கட்கெழமை எங்க மீட்டிங். நீ வர்ற. அந்த லைன் கம்பெனிக்காரன் முன்னாடி இதே மாதிரி அடிச்சுக் காட்டுற."

"வெளிவராத மென்பொருளோட கோளாற வெளியாளுங்களுக்குக் காட்டினா எங்க மேனேஜர்…"

"வேலை போயிடுமா?"

"போகாது. ஆனா செமத்தியா திட்டு விழும்."

"விழட்டும்."

"சரி, விழட்டும்" என்றேன். அண்ணி எனக்கு இன்னொரு டீ போட்டார். அணைத்த அடுப்பை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மறுபடி கண் கலங்கியது.

"அப்ப வேலைய விடலதானே?" என்று கேட்டேன்.

"எந்த வேலைய? நான் எப்ப விடறேன்னு சொன்னேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணியின் உதட்டோரம் துடித்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. "பயந்துட்டியா? ஒரு நிமிஷம் பயந்ததுக்கே இப்படி இருக்கே. பட்டுத் தெரிஞ்சுக்கோ" என்றார்.

பிறகு போனை எடுத்து ஒரு எண்ணைத் தேடினார். என் பக்கம் பார்க்காமலே, "ஞாபக மறதிக்குப் பாக்குற டாக்டர்ட்ட பேர் குடுத்து வச்சிருந்தேன். உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லாத" என்றார். மறுமுனையில் ஒரு பெண் எடுத்துவிட்டாள்.

"ஹலோ, புதன்கெழமை டாக்டரப் பாக்க வரேன்னு சொல்லியிருந்தேன். ஆமா, அதேதான். வரல, எடுத்துடுங்க… இல்லம்மா, வேற தேதியும் வேண்டாம்… காரணமா? கட்டாயம் எழுதணுமா?" அண்ணி இப்போது என்னை நேராகப் பார்த்தார். "காரணம், என் தம்பி பொண்டாட்டின்னு எழுதிக்கோங்க."

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று எனக்கும் காதில் விழுந்தது. "ஓ, தம்பி பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லையா மேடம்?"

"அதெல்லாம் இல்ல" என்றார் அண்ணி. "நான் சொன்னத மட்டும் எழுதும்மா. நீயா ஒண்ணும் சேத்துக்காத."